சோதித்தால் மட்டும் போதுமா?
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



யாம் மருத்துவர் அல்லேம். பத்தாம் வகுப்புத் தேறி இரயில்வேயில் எழுத்தராக இருப்பவர். ஆயினும் இன்று உடல்நலம் பற்றிப் பேசத் துணிந்தோம். காரணம், எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்று பிறர் இல்லத்தில் நிகழலாகாது என்பதே.

எம் துணைவியார்க்கு மூன்று வாரமாக இருமல். அரசு மருத்துவ நிலையத்தில் சளிப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, தீபாவளிக்கு ஊர் சென்றோம். திரும்பிய பின்னும் முடிவைக் கேட்கவில்லை. "கெடுதல் ஏதுமிருந்தால் சொல்லியனுப்பியிருப்பார்களே" என்று நமக்கு நாமே ஆறுதல் கூறிக்கொண்டோம். அவர்களோ கூப்பிட்ட வண்ணமே இருந்தனர். யாம் எழுதிக் கொடுத்திருந்தது கைவிட்டுப்போன பழைய தொலைபேசி எண். நாற்பது நாள் கழித்து, ஒரு சுகாதாரப் பணியாளர் தெருத்தெருவாக விசாரித்து எம் வாயிலில் வந்து நின்றார். காசநோய் என்றார்.

வீட்டிலுள்ள அனைவரையும் சோதித்தார்கள். இளைய மகளின் கழுத்தில் இருந்த நெறிக்கட்டியும் அந்நோயே என்று தெரிந்தது. அந்த நாற்பது நாளில்தான் தொற்றியதா, அதற்கு முன்பேயா என்பதை எவராலும் சொல்ல இயலாது. ஆயினும் அக்கேள்வி எம் நெஞ்சை விட்டு அகலவில்லை. ஆறு திங்கள் மருந்துண்டு இருவரும் நலம்பெற்றனர். அதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர்.

அன்பர்களே! இந்த நோய்க்கும் நம் நகரத்துக்கும் நெருங்கிய தொடர்புண்டு. தேசியக் காசநோய் நிறுவனம் 1959-இல் இங்கே, பெங்களூரில்தான் தொடங்கப்பெற்றது. அதன் ஆய்வாளர்கள் தும்கூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் நோயாளிகளைக் கண்டு விசாரித்து, 1963-இல் ஓர் அரிய உண்மையை வெளியிட்டனர். நோயுற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தாமாகவே மருத்துவ நிலையங்களை நாடிச் சென்றிருந்தனர். ஆனால் பலர் இருமல் மருந்துப் புட்டியோடு திருப்பி அனுப்பப்பட்டனர். மக்கள் அறியாமையால் வாளாவிருக்கவில்லை. சென்றதற்கும் நோயைக் கண்டறிந்ததற்கும் இடையேதான் சங்கிலி அறுந்தது.

சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய ஆய்வு நிலையமோ இதன் மறுபக்கத்தைக் காட்டிற்று. ஏழை நோயாளிகளில் ஒரு சாராரைச் சானட்டோரியத்திலும் மற்றொரு சாராரை வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்தனர். வீட்டிலிருந்தோரும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தனர் என 1959-இல் அறிவித்தனர். எவ்வாறு? பணியாளர்கள் வீடு தேடிச் சென்றனர், மாத்திரைகளை எண்ணினர், வராதவரை அழைத்து வந்தனர். மருந்து பாதி, பின்தொடர்தல் பாதி என்பதை உலகம் அங்கே கற்றது.

காசநோய்க்கு மட்டுமன்று இது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வலியின்றியே உடலை அரிப்பவை. நமக்கு அண்மையிலுள்ள கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில், 5-8-2021 அன்று, 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு தொடங்கியது. அளந்து பார்ப்பதற்கும் மாத்திரை தருவதற்கும் இல்லம் தேடி வருகின்றனர். மக்கள் திரும்ப வருவார்கள் என்று காத்திருப்பது பயன் தராது என்பதை உணர்ந்த ஏற்பாடு அது.

எம் அலுவலகத்தையே பாருங்கள். வண்டி ஓட்டுநர்க்குக் காலமுறை மருத்துவப் பரிசோதனை உண்டு. வயது ஏற ஏற அதன் இடைவெளி குறையும். நாள் தவறினால் வண்டியில் ஏற இயலாது. ஆகவே அந்நாளை நினைவூட்ட ஏடு இருக்கிறது, எழுத்தர் இருக்கிறார். மேசைமுன் அமரும் எமக்கோ அத்தகைய ஏடு இல்லை. அடுக்களையில் உழலும் நம் தாய்மார்களுக்கு யார் ஏடு வைத்திருக்கிறார்கள்? பிறர் நாளை நினைவூட்டும் யாம் எம் வீட்டு நாளை மறந்தோம்!

இரயில்வேயில் மற்றொரு விதியும் உண்டு. அடுத்த நிலையத்திலிருந்து 'லைன் கிளியர்' கிடைக்காமல் வண்டி புறப்படாது. மறுமுனை மௌனமாக இருக்கிறது, ஆகவே பாதை காலியாயிருக்கும் என்று எந்த நிலைய அதிகாரியும் கருதமாட்டார். மருத்துவமனை மௌனமாயிருந்தால் மட்டும் நாம் ஏன் அவ்வாறு கருதவேண்டும்?

ஆதலின் மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, சோதனைக்குக் கொடுக்கும்போதே முடிவு எந்நாளில், எவ்விடத்தில், யாரிடம் கிடைக்கும் என்று கேட்டு நாட்காட்டியில் குறியுங்கள். நடப்பிலுள்ள எண்ணையும், நம்பிக்கைக்குரிய அண்டை வீட்டார் எண்ணையும் கொடுங்கள். இரண்டாவது, முடிவுத் தாளைப் பெட்டியில் பூட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். 'அடுத்து எப்பொழுது?' என்று கேளுங்கள். மூன்றாவது, இருவாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதியுங்கள். காசநோய்க்கு அரசு மருந்து இலவசம். சத்துணவுக்கென நோயாளிக்கு 2018 முதல் திங்கள்தோறும் 500 ரூபாய் வழங்கப்பெற்றது; 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய் வழங்கப்பெறுகிறது. மறைப்பதற்கு இதில் இழிவு ஏதுமில்லை. மறைத்தவர் வீட்டில்தான் நோய் பெருகும்.

நம் சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு திங்களும் முதல் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், "சோதனைக்குக் கொடுத்தவர்கள் முடிவை வாங்கிவிட்டீர்களா?" என்று ஒருவர் கேட்கட்டும். முடிவு யாதென எவரும் கேட்கவேண்டா. அது அவரவர் வீட்டுக்குரியது. வாங்கியாயிற்றா என்று மட்டும் கேட்போம். அந்த ஒரு கேள்வியை எம்மிடம் அன்று எவரேனும் கேட்டிருந்தால், நாற்பது நாள் வீணாகியிராது.

பிழைப்புத் தேடி ஊர்விட்டு வந்தவர்கள் நாம். தாய்மாமனும் பாட்டியும் அருகிலிருந்து விசாரிக்கும் வாய்ப்பை இழந்தவர்கள். இங்கே ஒருவர்க்கொருவர் நாமே சுற்றம். விசாரித்துக்கொள்வோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!