இஸ்தோப்பில் பூத்த காகிதப் பூ

(வானொலியில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



“காகிதப் பூ மணக்குமா?” என்று நாம் சர்வசாதாரணமாகக் கேட்டுவிடுகிறோம். போலியானது, உயிரற்றது, வெறும் பகட்டு என்று எதையேனும் தள்ளிவைக்க வேண்டுமானால் நமது எழுத்தாளர்களுக்கும் காகிதப் பூவே கைகொடுக்கிறது. ஆனால் திருவிழாக் காலத்தில் மலையகத் தோட்டமொன்றின் லயத்து வாசலிலே, இரண்டடி அகலத்துக்கு விரிந்து தொங்கும் காகிதப் பூவின் கதையை அறிந்தவர்கள் இந்த உவமையைச் சற்றுத் தயங்கியே கையாள்வார்கள். அந்தப் பூவைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

மலைநிலம் பூக்களின் நிலம். கபிலர் குறிஞ்சிப்பாட்டிலே 99 மலர்களின் பெயர்களை அடுக்கிச் சொன்னார். நமது நுவரெலியாவும் பூக்களுக்குக் குறைந்ததல்ல. ஹக்கலைப் பூங்கா 1861இல் தொடங்கப்பட்டது. ஏப்ரல் மாத வசந்த காலத்திலே மலர்க் கண்காட்சியைக் காண நாடெங்குமிருந்து மக்கள் வந்து குவிகிறார்கள். துரைமார் பங்களாக்களின் முற்றங்களிலே டேலியாவும் ரோசாவும் செழித்து நிற்கின்றன. இத்தனை பூக்களுக்கு மத்தியில் வாழும் மக்கள் எதற்காகக் காகிதத்திலே பூச் செய்ய வேண்டும்?

விடையைத் தேடி நாம் லயத்துக்குத்தான் போக வேண்டும். ஒரே கூரை, அதன் கீழே வரிசையாகக் காம்பராக்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. காம்பராவின் முன்னால் உள்ள ஒடுங்கிய விறாந்தைதான் இஸ்தோப்பு. இட நெருக்கடியால் பலர் அதையும் அடைத்துக் குசினியாக்கிக்கொண்டார்கள். பூச்செடி நட ஒரு முழம் நிலமேனும் தனக்கென்று இல்லாதவர்கள் பலர். பங்களாத் தோட்டத்து ரோசாவுக்குத் தண்ணீர் ஊற்றியவர் லயத்து மனிதர்தான். ஆயினும் அதைப் பறித்து வந்து தன் வாசலில் வைக்கும் உரிமை அவருக்கு இருக்கவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். லயத்து வீடுகளுக்கெனத் தனித்தனி விலாசம் கிடையாது. கடிதங்கள் தோட்டத்தின் பெயருக்கு வந்து, அலுவலகத்தின் வழியாகவே கைக்கு வந்து சேர்ந்தன. ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் தோற்றத்திலும் வேறுபாடு இல்லை. இந்நிலையில் பொங்கலுக்கோ தேர்த் திருவிழாவுக்கோ ஒரு கல்யாணத்துக்கோ இஸ்தோப்பிலே ஒரு பெரிய பூ ஏறும்போது, அந்தக் காம்பரா தனியாகத் தெரிகிறது. “பெரிய சிவப்புப் பூத் தொங்குகிற வீடு” என்று அடையாளம் சொல்ல முடிகிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியோரின் குடியுரிமைப் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நெடுங்காலம் முழுவதும், எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படாத பெயரை வாசலிலே எழுதிக் காட்டும் வழிகளில் ஒன்றாகவே இந்த அலங்காரத்தை நான் காண்கிறேன்.

பூ ஏன் இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? லயத்தை மனிதர் எங்கிருந்து பார்க்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். எதிரே உள்ள தேயிலை மலையில் கொழுந்து பறிக்கும் பெண் நிமிர்ந்து பார்த்தால், பள்ளத்துக்கு அப்பால் தன் லயம் ஒரு கோடாகத்தான் தெரியும். இடையிலே மூடுபனி வேறு. உள்ளங்கையளவு பூ அந்தத் தூரத்தில் தெரியாது. இரண்டடிப் பூ தெரியும்.

இப்பூவுக்கு உரிய பருவமும் உண்டு. வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியாப் பகுதிகளில் தென்மேல் பருவமழை மே மாதந்தொட்டுக் கொட்டித் தீர்க்கும். சனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களே ஓரளவு வறண்டவை. தைப்பொங்கலும் மாசியிலே காமன் கூத்தும் இக்காலத்தில்தான் வருகின்றன. தாமரை, மா, அசோகு, முல்லை, நீலம் என்னும் ஐந்து மலர்களை அம்பாகக் கொண்ட மன்மதனின் கதைதான் காமன் கூத்து. மே மாதத்தில் வெசாக் வரும்போது, அயலிலுள்ள சிங்களக் கிராமத்தில் அதே மூங்கிலும் டிசுத் தாளும் வெசாக் கூடுகளாக உருமாறுகின்றன. இந்த ஒரு கைவேலையிலாவது இரு சமூகங்களின் விரல்களும் ஒரே பசையில் தோய்கின்றன.

செய்முறையைச் சொல்லாமல் விட்டால் உரை நிறைவு பெறாது. வெளியிதழுக்கு ஓரடி நீளத்தில் எட்டு, நடுவிதழுக்கு ஒன்பது அங்குலத்தில் ஆறு, உள்ளிதழுக்கு ஆறு அங்குலத்தில் ஐந்து வெட்டிக்கொள்ள வேண்டும். வெறும் டிசுத் தாள் பனியில் தொய்ந்துவிடும். ஆகவே தூசு தட்டிய சீமெந்துப் பைத் தாளிலோ பழைய நாட்காட்டித் தாளிலோ இதழை வெட்டி, மேலே ஒரு சுற்று நிறத்தாள் ஒட்டுவதே சிக்கனம். இதழின் அடியில் இரண்டங்குலம் கீறி, இரு பக்கத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் இதழ் கிண்ணம்போல் குழியும். தட்டைத் தாளுக்குப் பூவின் உடலைக் கொடுப்பது இந்தக் கீறல்தான். விளிம்பைப் பென்சிலில் சுருட்டிவிட்டு, ஐந்தங்குல அட்டை வட்டத்தில் வெளியிலிருந்து உள்ளாக அடுக்கி ஒட்ட வேண்டும். நடுவே, ஓரம் நறுக்கிய தாளைச் சுருட்டி வைத்தால் மகரந்தம் ஆயிற்று. காம்புக்கு மூங்கில் பிளாச்சோ, கவ்வாத்து மலையில் கிடைக்கும் மிலாறோ போதும்.

ரொட்டிக்கு வைத்த கோதுமை மாவில் ஒரு கரண்டி பசைக்குப் போதும். முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியின்றிக் கரைத்து, பிறகு கொதிநீரில் ஊற்றிக் கிண்ட வேண்டும். மெழுகுதிரித் துண்டுகளை ஒரு தகரப் பேணியில் இட்டு, அப்பேணியைச் சுடுநீரில் வைத்து உருக்கி, இதழின்மேல் மெல்லப் பூசினால் ஈரம் எளிதில் ஏறாது. மெழுகை நேரடியாக அடுப்பில் வைப்பது ஆபத்து. காசு கொடுத்து வாங்க வேண்டியது அநேகமாக நிறத்தாள் மட்டுமே. மற்றவையெல்லாம் வீசப்பட்ட பொருட்கள்.

நேயர்களே, இன்று கடைகளில் பிளாஸ்டிக் பூக்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அவை மழையில் நனையா. ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். வேலை முடிந்து களைத்து வரும் தாயொருத்தி அவற்றை வாங்கினால் அவளைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் காகிதப் பூ ஒவ்வோராண்டும் புதிதாகச் செய்யப்பட வேண்டியது. பாட்டி வெட்ட, பேத்தி ஒட்ட, அண்ணன் ஏணி வைத்துக் கட்ட, ஓரிரவு முழுவதும் ஒரு குடும்பம் கூடியிருக்கும் வேலை அது. கடையில் வாங்கும் பூவோடு அந்த இரவு வருவதில்லை.

லயங்களுக்குப் பதிலாகத் தனி வீடுகள் மெல்ல எழுந்து வருகின்றன. 2017 மே மாதம் நோர்வூட்டில் பேசிய இந்தியப் பிரதமர், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட 4,000 வீடுகளுக்கு மேலாக 10,000 வீடுகளை அறிவித்தார். லயங்களில் இன்னும் வாழ்வோர் ஏராளம் என்பதையும் மறுப்பதற்கில்லை. புதிய வீட்டின் முகப்பு அந்தக் குடும்பத்துக்கே உரியது. செடி நட மண்ணும் கொஞ்சம் உண்டு. அங்கே உண்மையான ரோசா பூக்கட்டும். அதைவிட மகிழ்ச்சி வேறில்லை. ஆனாலும் குடிபுகும் நாளில், செடி வேர்பிடிக்கும் முன்பாக, அந்த வாசலில் ஒரு பெரிய காகிதப் பூவையும் கட்டுங்கள் என்று கேட்டுக்கொள்வேன். நமது ஆசிரியர்களும் கைப்பணிப் பாடவேளையில் பிள்ளைகளின் பாட்டிமாரை அழைத்து அந்த இதழின் கீறலைக் காட்டச் சொல்லலாம். அதற்கு ஒரு கத்தரிக்கோலும் ஒரு கரண்டி மாவும் போதும்.