ஜமீன் வேற, ஊர் வேற!



மனிதனுக்கு நிறைவு தருவது சிற்றூரா, பெருநகரமா? எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டாரு: "சின்ன ஊர் அவ்வளவு உசத்தின்னா, பாரதி ஏன் எட்டயபுரத்தை விட்டுப் போனாரு?" நல்ல கேள்வி. கேட்ட ஆள்தான் தப்பு. நான் எட்டயபுரத்துக்காரன்! (சிரிப்பு, கைதட்டல்)

கோவில்பட்டிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவிலே கரிசல் பூமி. மழை பெய்தால் பருத்தி, மிளகாய்; பொய்த்தால் பிழைக்க பஸ் ஏறணும். ஒத்துக்கறேன். 1919-ல் பாரதி சீட்டுக்கவி எழுதியும் ஜமீன் கைகொடுக்கலை. அதையும் ஒத்துக்கறேன். ஆனா நடுவர் அவர்களே, ஜமீன் வேற, ஊர் வேற! (கைதட்டல்)

பதினோரு வயசு சுப்பையாவுக்கு 'பாரதி'ன்னு பட்டம் சூட்டினது எங்க ஊர்ப் புலவர் சபை. திருவாரூரிலே பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் கண்மூடினது எங்க ஊரிலே. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர் எங்க ஊர் அரண்மனைப் புலவர் கடிகை முத்துப் புலவர். ஆசான் இந்து, மாணவர் முஸ்லிம்!

பெருநகரம் என்ன செய்தது? 1921-ல் திருவல்லிக்கேணியில் பாரதி மறைந்தாரு. கடைசிப் பயணத்திலே கூட வந்தவங்க இருபது பேர்கூட இல்லைன்னு எழுதி வச்சிருக்காங்க. அவ்வளவு பெரிய பட்டணத்திலே!

என் வீட்டுக் கதையும் சொல்றேன். சென்னையிலே ஒன்பது வருஷமா ஒரே மாடிக் குடியிருப்பு. எதிர் வீட்டுக்காரர் பேரு தெரியும். எப்படி? கதவிலே பலகை மாட்டியிருக்காரு! (சிரிப்பு) ஒரு ராத்திரி, ஊரிலே அப்பா தவறிட்டாருன்னு போன். பஸ் பிடிச்சு, விடிஞ்சு போய்ச் சேர்றேன். பந்தல் போட்டாச்சு. எதிர் வீட்டு அத்தை அம்மாவைத் தோளிலே சாய்ச்சிருக்காங்க. பலசரக்குக் கடைக்காரர் காப்பிப் பொடியும் சர்க்கரையும் அனுப்பியிருக்காரு. ஊரே வந்தாச்சு. கடைசியா வந்தவன், பெத்த மகன், நான்தான்.

பந்தல்காரரிடம் பணத்தை நீட்டினேன். "ஏய்யா, எனக்கு மனு எழுதிக் கொடுத்ததுக்கு உங்கப்பா காசு கேட்டாரா? போய்யா, போய் அம்மா பக்கத்துல உக்காரு"ன்னாரு.

நடுவர் அவர்களே, நகரம் எனக்குச் சம்பளம் கொடுத்தது, மறுக்கலை. அந்தச் சம்பளத்தை வாங்க மாட்டேன்னு ஒரு கை தள்ளிச்சே, அந்தக் கை இருக்கிற இடம்தான் ஊர். (பலத்த கைதட்டல்) என்னை மாதிரி எல்லாரும் பஸ் ஏறிட்டா, அடுத்த பந்தலை யார் போடுவாங்க? அந்தப் பயத்தோடு கேட்கிறேன்: நிறைவு தருவது சிற்றூரே என்று தீர்ப்புச் சொல்லுங்கள்.