பக்கத்து இருக்கை

பரிமாற்ற மாணவர்களாக நாங்கள் ஜெர்மனிக்குப் போன முதல் வாரம். 10 மணி வகுப்பு. அரங்கில் யாருமே இல்லை. இடம் மாறி வந்துவிட்டோமோ என்று கலங்கினோம். அட்டவணையில் நேரத்தை ஒட்டி இரண்டு எழுத்துகள் இருந்தன. 'கும் தெம்போரே' என்ற இலத்தீனின் சுருக்கமாம். 15 நிமிடம் கழித்தே வகுப்பு தொடங்கும். திருப்பலியில் கேட்ட இலத்தீன் இதற்கு உதவவில்லை!

பேராசிரியர் முடித்ததும் எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். கோபமோ என்று பயந்தோம். அங்கே அதுதான் கைதட்டல்.

பாடம் பாதிகூடப் புரியவில்லை. ஊருக்கே திரும்பிவிடலாமா என்று இரவெல்லாம் பேசினோம். வெள்ளிக்கிழமை பக்கத்து இருக்கை மாணவி, நாங்கள் கேட்காமலே, தன் குறிப்பேட்டை எங்கள் பக்கம் நகர்த்தினாள். அன்று நாங்களும் மேசையைத் தட்டினோம்.