பாசறையில் பிறந்த சொற்கள்



போரின் வரலாற்றை அறிய விழைவோர் படைத்தலைவர்தம் குறிப்பேடுகளைப் புரட்டுவர். நானோ, கடைசி வரிசையில் நின்ற எளிய மறவனின் வாய்ச்சொற்களைப் பற்றிப் பேச வந்துள்ளேன்.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவின் வடபகுதியும் தென்பகுதியும் தம்முள் பொருத உள்நாட்டுப் போரில் 6,00,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். குண்டுக்கு இரையானோரினும் நோய்க்கு இரையானோரே மிகுதி. அப்பாசறைகளில் வழங்கிய சொற்கள் சிலவற்றைக் கேளுங்கள்.

வடபடையினர்க்கு அளிக்கப்பெற்ற உணவு, மாவும் நீரும் பிசைந்து சுட்ட கல்போன்ற வில்லை. துமுக்கிக் கட்டையால் அதை உடைத்துக் குளம்பியில் ஊறவைத்துத் தின்றனர். ஊறியதும் புழுக்கள் மிதந்தன. மறவன் அதற்கிட்ட பெயர் 'புழுக்கோட்டை'. மற்றொரு பெயர் 'பல்மழுக்கி'. உடலெங்கும் ஊர்ந்த பேனுக்குச் 'சாம்பல்முதுகு' என்று பெயர். தென்படையின் உடையும் சாம்பல் நிறமன்றோ? பகைவனையும் அப்பெயராலேயே சுட்டினர். முதன்முதல் போர்முனையைக் கண்டவன், 'யானையைப் பார்த்துவிட்டேன்' என்றான். 'அஞ்சினேன்' எனச் சொல்லக் கூசியவனுக்கு அத்தொடர் போர்வையாயிற்று. ஏடுகள் வெற்றியை எழுதின. இச்சொற்களோ பசியையும் அச்சத்தையும் எழுதின.

இனி, நெஞ்சைத் தைக்கும் ஒரு சொல். உணவு குன்றியபோது தென்படையினர் நிலக்கடலையால் பசியாறினர். அதனைக் 'கூபர்' என்றனர். அஃது ஆங்கில வேரில் முளைத்த சொல்லன்று; ஆப்பிரிக்கக் காங்கோப் பகுதி மக்கள் நிலக்கடலைக்கு வழங்கிய 'ங்குபா' என்னும் சொல்லின் திரிபு. கடல் கடந்து அச்சொல்லைக் கொணர்ந்தவர் யார்? விலங்கு பூட்டிக் கப்பலில் ஏற்றப்பட்ட அடிமைகள்! அடிமை முறையைக் காக்கப் போரிட்ட படை, பசி வந்தபோது அடிமையின் சொல்லையே வாயில் வைத்து மென்றது!

1865-இல் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது. அச்சொல்லோ அமெரிக்கத் தென்பகுதியில் இன்றும் வாழ்கின்றது. அதைக் கேட்டு மகிழ்வதா, வருந்துவதா? சொல் எஞ்சியது, ஆனால் அதனைக் கொணர்ந்தோரின் பேரப்பிள்ளைகட்கு அம்மொழி எஞ்சவில்லையே! ஆள்வோன் வாயில் ஒரு சொல்லாக ஒட்டிக்கொண்டிருப்பது மொழியின் வாழ்வாகாது. தன் மக்கள் நாவில் முழுமையாய் நடமாடுவதே வாழ்வு. இதனை நெஞ்சில் இருத்துங்கள்.