முதற் தலைவன் இட்ட வரம்பு



ஒரு நாட்டின் முதற் தலைவன் தன் காலத்தை மட்டும் ஆளுவதில்லை. அவன் பதவியில் பின்னர் அமர்வோரையும் அவனது நடத்தை ஆளுகின்றது. காடு வெட்டித் திருத்திய நிலத்தில் முதற் கமக்காரன் கட்டிய வரம்பின்மேலேதான் அவனுடைய பேரப்பிள்ளைகளும் நடக்கின்றனர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதல் ஜனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டனின் வரலாறு இதற்குச் சான்று பகர்கின்றது.

1789ஆம் ஆண்டு ஏப்பிரில் 30ஆந் திகதி நியூயோர்க் நகரில் அவர் பதவிப் பிரமாணஞ் செய்தார். அன்றிருந்த அரசியற் சட்டத்திலே மந்திரிசபை என்ற சொல்லே இல்லை. ஒருவர் எத்தனை தடவை ஜனாதிபதியாகலாம் என்ற வரையறையும் இல்லை. அரசர்க்குரிய நீண்ட பட்டமொன்றைச் சூட்ட வேண்டுமெனச் செனற் சபையிற் சிலர் வாதாடினர், பிரதிநிதிகள் சபை மறுத்தது, “திரு. ஜனாதிபதி” என்னும் எளிய விளியே நிலைத்தது. இலாகாத் தலைவர்களைக் கூட்டி ஆலோசனை கேட்கும் வழக்கத்தை வாஷிங்டன் தொடக்கி வைத்தார், அதுவே மந்திரிசபையாயிற்று.

இவற்றினும் பெரியது, அவர் பதவியைத் துறந்த முறையாகும். 1783இல் போர் முடிந்ததும் சேனாதிபதிப் பொறுப்பைக் காங்கிரஸ் சபையிடமே திருப்பிக் கொடுத்தவர் அவர். இரு தவணை ஆண்டபின், 1796இல் பிரிவுரையை வெளியிட்டு, 1797 மார்ச்சில் ஜோன் அடம்ஸிடம் ஆட்சியை ஒப்படைத்தார். முதுமையும் களைப்பும் அம்முடிவுக்குக் காரணமாயிருந்தன. ஆயினும், சட்டம் தடுக்காத ஆசனத்தைத் தாமே விட்டிறங்கினார் என்பதே நாட்டின் நெஞ்சிற் பதிந்தது. 1940இல் பிராங்ளின் றூஸ்வெல்ட் மூன்றாந் தடவை வெல்லும்வரை எவரும் அந்த எல்லையைக் கடக்கவில்லை. வரம்பு உடைந்த பின்னரே, 1951இல், அரசியற் சட்டத்தின் 22ஆவது திருத்தம் அதனை எழுத்தில் வடித்தது.

ஆனால் அன்பர்களே, முதற் தலைவன் செய்யத் தவறியதும் மரபாகின்றது! வாஷிங்டன் அடிமைகளை உடையவர். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் 1793ஆம் ஆண்டுச் சட்டத்திற் கையொப்பமிட்டவரும் அவரே. தம் அடிமைகளுக்கு விடுதலை வழங்கும் ஏற்பாட்டை மரணசாசனத்திலேதான் எழுதினார்; ஜனாதிபதி என்ற முறையில் அவர் அந்நீதியைச் செய்யவில்லை. முதல் ஐந்து ஜனாதிபதிகளுள் நால்வர் அடிமைகளை உடையோராயிருந்தனர். அந்தப் பாவத்திற்கு 1861இல் மூண்ட உள்நாட்டுப் போரில் அந்நாடு இரத்தத்தால் விலை கொடுத்தது.

சட்டம் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். சட்டத்தில் எழுதாத இடத்தை முதல்வனின் நடத்தையே நிரப்புகின்றது. ஆதலால், புதிய பதவி ஒன்று தோன்றும்போது, அது நாட்டின் பதவியாயினும் கிராமச் சங்கத்தின் பதவியாயினும், முதலில் அமர்பவரைப் புகழ்வதோடு நின்றுவிடாதீர்கள். கணக்குக் கேளுங்கள், தவறைத் தொடக்கத்திலேயே தடுங்கள். முதல் ஆண்டில் நாம் பொறுத்துக்கொள்ளும் தவறு, பத்தாம் ஆண்டில் அவருடைய உரிமையாகிவிடும்!