மதரஸாவில் படிக்கும் இந்துப் பிள்ளைகள்



மதரஸா என்றால் என்ன? முஸ்லிம் பிள்ளைகள் குர்ஆன் ஓதும் இடம். பலருக்கு அவ்வளவுதான் தெரியும். மேற்கு வங்காளத்தில் ‘ஹை மதரஸா’ என்று ஒரு வகைப் பள்ளி உண்டு. அது வேறு மாதிரி.

அங்கே கணக்கு உண்டு. அறிவியல் உண்டு. வரலாறு, வங்காளம், ஆங்கிலம் எல்லாம் உண்டு. அரபு மொழியும் இஸ்லாம் பற்றிய பாடமும் கூடுதல். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் மற்றப் பள்ளிச் சான்றிதழுக்குச் சமம். இந்தப் பள்ளிகளுக்கு ஒரு கல்வி வாரியம் இருக்கிறது. 1994-இல் அதற்குத் தனிச் சட்டம் வந்தது.

பழைய பர்த்வான் மாவட்டத்தில் ஓர்கிராம் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள ஹை மதரஸாவில் படித்தவர்களில் பாதிக்கு மேல் இந்துப் பிள்ளைகள் என்று செய்தித்தாள்கள் எழுதின. ஏன் போனார்கள்? பள்ளி பக்கத்தில் இருந்தது. செலவு குறைவு. பெண் பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்?

“அரபு படித்தால் பிள்ளை மதம் மாறிவிடுமோ?” இந்தப் பயம் யாருக்கும் வரும். அது இயல்புதான். ஆனால் பாடம் வேறு, வழிபாடு வேறு. பகலில் அரபு எழுத்து எழுதும் பெண், மாலையில் வீட்டுத் துளசிக்கு விளக்கு வைக்கலாம். அதை யார் தடுப்பது? பக்கத்தில் இருப்பவள் நோன்பு இருந்தால், ஏன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று இவளுக்குத் தெரியும். கேலி செய்ய வாய் வராது.

சரி, பொதுப் பள்ளியில் இந்தத் தொல்லையே இல்லையா? இருக்கிறது. வங்காளத்துப் பள்ளிகளில் சரஸ்வதி பூஜை பெரிய விழா. மாணவர்களே ஓடியாடி நடத்துவார்கள். 2017 தொடக்கத்தில் ஹவுரா மாவட்டப் பள்ளி ஒன்றில் தகராறு வந்தது. நபி பிறந்த நாள் கொண்டாடலாமா, சரஸ்வதி பூஜை நடத்தலாமா என்று சண்டை. பள்ளியே சில நாள் மூடிக் கிடந்தது. அங்கே படித்தவர்களும் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள்தான். பெயர்ப்பலகையில் மதம் இல்லை. அதனால் மட்டும் பிள்ளைகள் மனத்தில் வேற்றுமை இல்லாமல் போய்விடுமா? எந்தப் பலகையை மாட்டினாலும், பிள்ளைகளைக் கலந்து உட்கார வைப்பது ஆசிரியர் கையில்தான் இருக்கிறது.

நம் அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு இதைப் பற்றிச் சொல்கிறது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது. அரசு அங்கீகாரம் அல்லது உதவி பெறும் பள்ளியில், மதபோதனைக்கோ வழிபாட்டுக்கோ வரச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. விருப்பம் இருந்தால் வரலாம். வயது வராத பிள்ளை என்றால், பெற்றோரோ பாதுகாவலரோ சம்மதிக்க வேண்டும்.

அந்தச் சம்மதத் தாள் உங்கள் வீட்டுக்கும் வரலாம். இப்போது உங்களுக்கே எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பிள்ளையையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.