தடைகளுக்கு அப்பால் தேவ சித்தம்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"ஆதித் திருச்சபைக்கு வந்த எதிர்ப்பும் தேவனுடைய சித்தமும்" என்ற தலைப்பைச் செயலாளர் எனக்குக் கொடுத்தார். "என்ன சார், கட்டடம் கட்டுகிற இன்ஜினியரைக் கூப்பிட்டுப் பிரசங்கம் பண்ணச் சொல்றீங்களே" என்றேன். "உங்க பாணியிலேயே பேசுங்க" என்று சொல்லிவிட்டார். பல சமயத்தாரும் அமர்ந்திருக்கும் சபை இது. எனவே யாருக்கும் உபதேசம் செய்யாமல், நான் புரிந்துகொண்டதை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

அப்போஸ்தலர் நடபடிகள் ஐந்தாம் அதிகாரத்தில், சீடர்களை என்ன செய்வது என்று எருசலேமின் ஆலோசனைச் சங்கம் கூடுகிறது. அப்போது கமாலியேல் என்ற பெரியவர் எழுந்து, இவர்களை விட்டுவிடுங்கள் என்கிறார். இது மனித முயற்சியானால் தானே அழிந்துபோகும், தேவனால் ஆனதென்றால் உங்களால் அழிக்க முடியாது என்பது அவர் வாதம். எங்கள் தொழிலில் பாலத்தின் மேல் சுமையேற்றிச் சோதனை பார்ப்போம். கமாலியேல் சொன்னதும் அப்படி ஒரு சோதனைதான். சுமையை ஏற்றுவது காலம்.

அதற்குப் பிறகு ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றார்கள். சபை சிதறியது. ஆனால் சிதறியவர்கள் சும்மா இருந்தார்களா? சமாரியாவுக்கும் அந்தியோகியாவுக்கும் செய்தியைக் கொண்டுபோனார்கள். கொன்றவர்களின் வஸ்திரங்களைக் காவல் காத்துக்கொண்டிருந்த சவுல் என்ற வாலிபரே பின்னாளில் பவுலாக மாறினார். அணைக்க நினைத்துக் கிளறிய நெருப்பு நாலா பக்கமும் பரவிவிட்டது.

இதோடு நிறுத்தினால் எல்லோரும் கைதட்டலாம். ஆனால் பன்னிரண்டாம் அதிகாரம் நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. ஏரோது ராஜா யாக்கோபை வாளால் கொல்கிறான். அதே அதிகாரத்தில் பேதுரு சிறையிலிருந்து அற்புதமாக விடுவிக்கப்படுகிறார். ஒரே சபை, ஒரே ஜெபம். ஒருவர் பிழைத்தார், ஒருவர் இறந்தார். அப்படியானால் தேவ சித்தம் வென்றது என்று எந்தக் கணக்கில் சொல்வது?

இந்தக் கேள்விக்கு நம் திண்டிவனத்திலேயே ஒரு சம்பவம் இருக்கிறது. அமெரிக்க ஆற்காடு மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஜான் ஸ்கடர் குடும்பம் இந்த ஊரில் ஊழியம் செய்துவந்தது. அவர் மகள் ஐடா 1870-ல் பிறந்தவர். அமெரிக்காவில் படித்துவிட்டு, தாயாருக்கு உடல்நலமில்லை என்று 1890-ல் இங்கு வந்தார். மிஷனரி வாழ்க்கை தனக்கு வேண்டவே வேண்டாம் என்பது அவர் முடிவு. ஓர் இரவு, ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவர் வேறொரு இந்துக் குடும்பத்தவர். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்தார்கள். "என் அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள்" என்றார் ஐடா. ஆண் மருத்துவர் பெண்ணைத் தொடக்கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

ஐடா மனம் மாறினார். 1899-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-ல் வேலூருக்கு வந்தார். தந்தையிடம் அனுபவம் பெறலாம் என்று வந்த அதே ஆண்டில் தந்தை காலமானார். 1902-ல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழும்பியது. 1918-ல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கியபோது, படிக்கப் பெண்கள் வருவார்களா என்று அதிகாரிகளே சந்தேகப்பட்டார்கள். 1922-ல் முதல் அணியில் 14 பேர் தேறி வெளியே வந்தார்கள். 1930-களின் இறுதியில், பட்டப்படிப்பாக உயர்த்தாவிட்டால் மூட வேண்டியதுதான் என்ற நெருக்கடி வந்தது. 1942-ல் எம்.பி.பி.எஸ். படிப்பு வந்தது. 1947-ல் ஆண்களும் சேர்ந்தார்கள். இன்று "வேலூருக்குக் கொண்டு போங்க" என்று நம் ஊரில் சொன்னால், எந்த இடம் என்று யாரும் கேட்பதில்லை.

நண்பர்களே, ஒன்றை மட்டும் நான் சொல்ல மாட்டேன். ஓர் ஆஸ்பத்திரி உருவாகத்தான் கடவுள் அந்த மூன்று பெண்களைச் சாகவிட்டார் என்று சொல்ல என் நாக்கு கூசுகிறது. அந்த வீடுகளில் தாயில்லாமல் போனது எந்தக் கட்டடத்தாலும் ஈடாகாது. ஐடா அம்மையாரின் பெயரை உலகம் அறியும். அந்த மூவரின் பெயரைச் சொல்வார் இல்லை. யாக்கோபின் வீட்டாரிடம் போய், "பேதுரு பிழைத்துவிட்டார், சந்தோஷப்படுங்கள்" என்று யாராவது சொல்ல முடியுமா?

ஆக, தேவ சித்தம் வெல்லும் என்பதற்கு யாரும் அடிபட மாட்டார்கள் என்று அர்த்தமில்லை. அடித்தவன் கை கடைசிக் கை அல்ல என்பதே அதன் அர்த்தம். அந்த இரவில் வழக்கம் "முடியாது" என்றது. ஐடாவின் உள்ளமும் அதுவரை "முடியாது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டும் கடைசி வார்த்தையாகவில்லை. மரணத்தை நியாயப்படுத்தாமல், இனி இப்படி நடக்கக்கூடாது என்று ஒருவரை எழுப்பிவிட்டதைத்தான் நான் தேவனுடைய செயல் என்று நம்புகிறேன்.

தம்பி தங்கைகளே, இன்னொன்றையும் கவனியுங்கள். எதிர்ப்பு வருகிறது என்பதாலேயே நாம் செய்வது சரி என்று ஆகிவிடாது. நிலைத்து நிற்பதெல்லாம் தேவனால் ஆனதும் அல்ல. வரதட்சணையும் தீண்டாமையும்கூட நெடுங்காலம் நிற்கின்றன. நாம் செய்வதால் யாருக்கு வாழ்வு கிடைக்கிறது என்று பாருங்கள். கிடைக்கிறது என்றால், பலனை உங்கள் காலத்திலேயே பார்த்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் தொடருங்கள். 1890-களில் இந்த ஊரில் தட்டப்பட்ட கதவுக்கு, மருத்துவக் கல்லூரியாகப் பதில் வர ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆனது.

வேலை கிடைக்காதவர்களும், வீட்டில் புரிந்துகொள்ளப்படாதவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். உங்களுக்குச் சுலபமான ஆறுதல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் உங்கள் கதவை யாராவது தட்டினால், எழுந்து திறங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.